பெண் குரல் பழகலாம்!

மாத்திரையால் முடியாது, கத்தியாலும் முழுதாக முடியாது. குரலை மாற்றுவது பயிற்சிதான். அந்தப் பயிற்சி திருநங்கைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா?

வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணை ஒரு திருநங்கை அழைக்கிறார். கணக்கு எண், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்கிறார். பெயரைச் சொன்னதும் எதிர்முனையில் தயக்கம். “சார், அக்கவுன்ட் அவங்க பேர்ல இருக்கு. மேடம்கிட்ட போனைக் குடுங்க” என்று பதில் வருகிறது. “நான்தாங்க அது” என்று எத்தனை முறை சொன்னாலும் வேலை நடப்பதில்லை. திருநங்கைகள் பலருக்கும் பழகிப்போன உரையாடல் இது. வாடகைக்கு வீடு கேட்கும்போதும், வேலைக்கு விசாரிக்கும்போதும், உணவு ஆர்டர் கொண்டுவருபவருக்கு வழி சொல்லும்போதும் இதேதான்.

நேரில் என்றால் முகம் பேசும், உடை பேசும். போனில் குரலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதிலும் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. இந்தியில் ‘நான் வருகிறேன்’ என்பதை ஆண் ‘ஆத்தா ஹூன்’ என்பார், பெண் ‘ஆத்தீ ஹூன்’ என்பார். பேசுகிறவர் யார் என்று வினைச்சொல்லே அறிவித்துவிடும். நம் ‘வர்றேன்’ இருவருக்கும் பொது. தன்மையில் பேசும்போது தமிழ் இலக்கணம் ஆண், பெண் பார்ப்பதில்லை. அது நல்ல விஷயம்தான். ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடம் தன்னைப் பெண் என்று உணர்த்த வேண்டிய திருநங்கைக்கு மொழி கைகொடுப்பதில்லை. பாரம் முழுவதும் குரல் மேல் விழுகிறது.

“கொஞ்சம் மென்மையா, சன்னமா பேசேன்” என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை. அப்படிப் பேசினால் கீச்சுக் குரல் வருகிறது. அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்கிறது. கேட்கிறவரும் சிரிக்கிறார். ‘நமக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில், வராத விஷயம் அல்ல இது. முறையாகப் பழக வேண்டிய விஷயம்.

மகரக்கட்டு செய்யும் வேலை

பத்து வயதுவரை ஆண் குழந்தையின் குரல்வளைக்கும் பெண் குழந்தையின் குரல்வளைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கத் தொடங்கியதும் பையனின் குரல்வளைக் குருத்தெலும்பு பெரிதாகி, தொண்டையில் மேடாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் உடைந்து, கரகரத்து, கடைசியில் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கி நிற்கிறது. மேடைக்காரர்களும் பாட்டு வாத்தியார்களும் இதைத்தான் மகரக்கட்டு என்பார்கள். பெண் பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் சற்று இறங்கும். ஆனால், இரண்டு மூன்று சுரங்களோடு நின்றுவிடும்.

வளர்ந்த ஆணின் குரல் நாண்கள் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம். பெண்ணுக்கு 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர். சாதாரணமாகப் பேசும்போது ஆணின் நாண்கள் நொடிக்குச் சராசரியாக 110, 120 தடவை அதிர்கின்றன. பெண்ணின் நாண்கள் 200 தடவை. சங்கீதம் தெரிந்தவர்களுக்குக் கட்டைக் கணக்கில் சொன்னால் சட்டென்று விளங்கும். ஆண் பாடகர்கள் சுருதி வைத்துக்கொள்ளும் ஒரு கட்டை என்பது சுமார் 131 ஹெர்ட்ஸ். ஆண்களின் சாதாரணப் பேச்சு அதற்கும் கொஞ்சம் கீழே ஓடும். மூன்று கட்டை 165 ஹெர்ட்ஸ். பெண்கள் பலர் பாடும் ஐந்து கட்டை 196 ஹெர்ட்ஸ். பெண்களின் சராசரிப் பேச்சும் அதையொட்டித்தான் நடக்கிறது. இடைப்பட்ட 145 முதல் 175 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி இரண்டுங்கெட்டான். அங்கே பேசினால், ஆணா பெண்ணா என்பதைக் கேட்பவரின் காது வேறு அடையாளங்களை வைத்துத்தான் தீர்மானிக்கும்.

திருநங்கைகள் எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் தோலை மிருதுவாக்கும், உடலில் கொழுப்பு சேரும் இடத்தை மாற்றும். குரலைத் தொடாது. ஒருமுறை வளர்ந்த குருத்தெலும்பு மறுபடி சுருங்குவதில்லை, நீண்ட நாண் குறுகுவதில்லை. திருநம்பிகளின் கதை வேறு. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே அவர்களுடைய குரல் தடித்து இறங்கிவிடுகிறது. ஆணாக மாறுகிறவருக்கு மருந்தே தந்துவிடும் ஒன்றைப் பெண்ணாக மாறுகிறவர் உழைத்துத்தான் பெற வேண்டியிருக்கிறது.

ஸ்திரீபார்ட் கற்றுத்தந்தது

ஆண் உடம்பிலிருந்து பெண் குரல் என்பது தமிழ் மேடைக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளி, சீதை, சந்திரமதி எல்லாரும் பையன்கள்தான். சிவாஜி கணேசனும் சிறுவயதில் சீதையாக நடித்தவர். மகரக்கட்டு வந்துவிட்டால் ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேஷம் போய்விடும். வேறு வேஷத்துக்கு மாற வேண்டும், அல்லது மேடைக்குப் பின்னால் வேலை பார்க்க வேண்டும்.

மகரக்கட்டைத் தாண்டியும் பெண்ணாகப் பேசிக் காட்டியவர்கள் உண்டு. வளர்ந்த ஆணான டி.கே.சண்முகம் மேடையில் ஔவையாராக நடித்துத்தான் பெயருக்கு முன்னால் ‘ஔவை’யைப் பெற்றார். அவரிடம் நாடகம் பயின்ற கமல்ஹாசன் 1996இல் ‘அவ்வை சண்முகி’ என்று தலைப்பிலேயே குருவுக்கு வணக்கம் வைத்து, மாமியின் குரலையும் தானே பேசினார். கிராமத்துக் கூத்தில் இன்றும் ஸ்திரீவேஷக்காரர் விடிய விடியத் திரௌபதியாகப் பேசிப் பாடுகிறார்.

இந்த உதாரணங்கள் ஒன்றைத்தான் நிரூபிக்கின்றன. வளர்ந்த ஆண் குரல்வளைக்கும் இந்த வித்தை சாத்தியம். அதற்கு மேல் இதை இழுக்கக் கூடாது. நடிகருக்கு விடிந்தால் வேஷம் கலைந்துவிடும். திருநங்கை வேஷம் போடவில்லை. காய்கறிக் கடையில் பேரம் பேசவும், தூக்கக் கலக்கத்தில் போன் எடுக்கவும், கோபத்தில் சண்டை போடவும், குழந்தையைக் கொஞ்சவும் அவருக்கு ஒரே குரல் வேண்டும். மூன்று மணி நேரம் தாங்கும் குரல் அவருக்குப் பயன்படாது.

சுருதி மட்டும் போதாது

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. சுருதியை ஏற்றினால் பெண் குரல் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. 200 ஹெர்ட்ஸில் பேசியும் ஆணாகவே கேட்கும் குரல்கள் உண்டு. 165இல் பேசியும் பெண்ணாகக் கேட்கும் குரல்களும் உண்டு.

காரணம், நாண்களில் பிறக்கும் ஒலி அப்படியே வெளியே வருவதில்லை. தொண்டை, வாய், மூக்கு ஆகிய குழிகளில் முழங்கித்தான் வருகிறது. நாகஸ்வரமும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில் ஒரே சுரத்தை வாசித்தாலும் எது எது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? குழலின் நீளமும் வடிவமும் ஒலிக்கு வேறு நிறம் கொடுத்துவிடுகின்றன. நாண்களிலிருந்து உதடுவரையிலான பாதை ஆணுக்குச் சராசரியாக 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 14, 14.5 சென்டிமீட்டர். நீளம் குறையக் குறைய முழக்கம் பிரகாசமாகிறது. வல்லுநர்கள் இதை ஒத்ததிர்வு என்கிறார்கள்.

பழைய தொலைபேசி இணைப்புகள் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஆணின் 120 ஹெர்ட்ஸும் பெண்ணின் 200 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழே இருப்பதால், இரண்டுமே கம்பியில் ஏறாமல் வெட்டுப்பட்டுவிடும். ஆனாலும், பேசுவது ஆணா பெண்ணா என்று நாம் கண்டுபிடித்துக்கொண்டுதானே இருந்தோம்? வந்து சேர்ந்த மேல் அதிர்வுகளிலிருந்து விடுபட்ட சுருதியைக் காது தானே கணித்துக்கொள்கிறது. தொண்டையின் நீளத்தையும் அவற்றிலிருந்தே மோப்பம் பிடிக்கிறது. போனில் ‘சார்’ ஆகிவிடும் பலருக்குக் குறை சுருதியில் மட்டும் இல்லை, முழக்கத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது விஷயம் குரலின் கனம். தடித்த நாண்கள் முழு அகலத்தில் மோதிப் பேசும்போது கட்டைக் குரல் வருகிறது. நாண்கள் மெல்லிய விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டால் குரல் லேசாகிறது. அதற்காக நாண்களை மிகவும் இழுத்து விளிம்பில் மட்டும் பேசினால், பாட்டுக்காரர்கள் கள்ளக் குரல் என்று சொல்வது வந்துவிடும். கீச்சுக் குரலின் பிறப்பிடம் அதுதான். கனத்தைக் குறைக்க வேண்டும், கள்ளக் குரலில் விழவும் கூடாது. பயிற்சியில் பாதி நேரம் இந்த நடுவழியைத் தேடுவதில்தான் போகிறது.

இவை மூன்றுக்கும் பிறகுதான் ஏற்ற இறக்கம், வேகம், சொல்லை இழுக்கும் விதம், எங்கே அழுத்துகிறோம் என்பதெல்லாம்.

பயிற்சி வகுப்பில் என்ன நடக்கிறது?

முதல் நாள் பேச விட்டுப் பதிவு செய்வார்கள். ஈ.என்.டி. மருத்துவர் சிறு கேமராவை உள்ளே செலுத்தி நாண்களைப் பார்ப்பார். கட்டி, வீக்கம், அமிலம் மேலேறிய தடம் ஏதாவது இருந்தால் அதற்குத்தான் முதல் வைத்தியம். பிறகு ஸ்பீச் தெரபிஸ்ட் எனப்படும் பேச்சுப் பயிற்சியாளரின் வேலை தொடங்கும்.

தொடக்கம் மூச்சிலும் தளர்விலும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை நனைத்து, குமிழி வரும்படி ‘ஊ’ என்று ஊதிக்கொண்டே குரலை மேலும் கீழும் ஏற்றி இறக்குவது உலகெங்கும் குரல் பயிற்சியில் பயன்படும் பாடம். வெளியிலிருந்து வரும் எதிர் அழுத்தம் நாண்களை முட்டிக்கொள்ளாமல் காக்கிறது. உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிப்பது அடுத்தது. மூக்கின் பக்கங்களிலும் உதட்டிலும் அதிர்வு தெரிந்தால் ஒலி முன்னுக்கு வந்துவிட்டது என்று பொருள். நெஞ்சில் மட்டும் தெரிந்தால் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது.

முழக்கத்தை மாற்ற வேடிக்கையான பாடம் ஒன்று உண்டு. முதலில் பெரிய நாய் இரைப்பது மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்க வேண்டும். பிறகு குட்டி நாய் மாதிரி. பெரிய நாயில் தொண்டை அகன்று குரல்வளை தாழும். குட்டி நாயில் குரல்வளை மேலேறி உள்வெளி சுருங்கும். கண்ணாடி முன் நின்று செய்தால் தொண்டை மேடு ஏறி இறங்குவது தெரியும். அந்தக் குட்டி நாய் அமைப்பை விடாமல் ‘ஈ’ என்று சொல்லிப் பழக வேண்டும். ‘ஈ’ சொல்லும்போது நாக்கு முன்னால் உயர்ந்து நிற்பதால் பிரகாசம் எளிதில் வரும். பிறகு ‘ஏ’, அப்புறம் ‘ஆ’, கடைசியாகத்தான் ‘ஊ’.

உயிரெழுத்து கைவந்ததும் சொல், சொல்லுக்குப் பின் வாக்கியம். தமிழுக்கென்று தனிக் கவனம் தேவைப்படும் இடம் இங்கே வருகிறது. ‘மீன்’, ‘நேத்து’, ‘இனிமே’ போன்ற சொற்களில் நாக்கு முன்பக்கமே வேலை செய்யும். ‘வாழைப்பழம்’, ‘கூட்டம்’, ‘கண்ணாடி’ என்று வரும்போது நுனி பின்னால் மடியும். உள்ளே அமைத்து வைத்த இடம் கலையப் பார்க்கும். எளிதிலிருந்து கடினத்துக்குச் சொற்களை அடுக்கித் தருவது நல்ல பயிற்சியாளரின் சாமர்த்தியம். ஆங்கிலக் காணொளியைப் பார்த்து மட்டும் பழகுகிறவர்களுக்குத் தமிழ் பேசும்போது பிடி நழுவுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

சுருதியைப் பார்க்கச் செல்போன் செயலிகள் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் உருவான ‘பிராட்’ என்ற மென்பொருள் இலவசம். பேச்சின் சுருதியையும் முழக்கத்தையும் கோடுகளாக வரைந்து காட்டும். அவ்வளவு வேண்டாம் என்றால் சுருதிப் பெட்டிச் செயலி போதும். மூன்று கட்டையில் வைத்துக்கொண்டு அதன் மேல் நாலு வாக்கியம் பேசிப் பார்க்கலாம்.

கடைசிக் கட்டம்தான் கடினமானது. பயிற்சி அறையில் வரும் குரல் தெருவில் வராது. இருமல், தும்மல், வெடிச் சிரிப்பு, பஸ்ஸை நிறுத்தக் கூப்பிடும் சத்தம் ஆகியவற்றில் பழைய குரல் எட்டிப் பார்க்கும். அதனால் இருமவும் சிரிக்கவும்கூடத் தனியாகப் பாடம் உண்டு. தினமும் ஐந்து பத்து நிமிடங்களாகப் பல தடவை பழகுவது, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பழகுவதைவிட நல்லது. குரல் இயல்பாகப் படியப் பல மாதங்கள் பிடிக்கும்.

யாருடைய குரல் மாதிரி?

‘பெண் குரல்’ என்றதும் நம் காதில் ஒலிப்பது யாருடைய குரல்? பல வருடங்களாகத் தமிழ்ப் பட நாயகிகள் டப்பிங் கலைஞர்களின் குரலில் பேசியிருக்கிறார்கள். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’விலும் ‘96’லும் நாம் ரசித்த த்ரிஷாவின் குரல் சின்மயியுடையது. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பல படங்களில் பேசியவர் சவிதா. ஒலிக்கூடத்தில் கேமராவுக்காகச் செதுக்கிய குரலையே பெண்மைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டால் திருநங்கைகள் மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் அம்மாவும் அத்தையும்கூடத் தேற மாட்டார்கள்.

பெண் குரலின் அளவுகோல் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுகிறது. ஆஸ்திரேலியாவில் இளம்பெண்களின் 1945ஆம் ஆண்டுப் பதிவுகளையும் 1993ஆம் ஆண்டுப் பதிவுகளையும் ஒப்பிட்டார்கள். சராசரி 229 ஹெர்ட்ஸிலிருந்து 206க்கு இறங்கியிருந்தது. அரை நூற்றாண்டில் யாருடைய குரல்வளையும் வளர்ந்துவிடவில்லை. பெண்கள் வாழும் விதம் மாறியிருந்தது. ஜப்பானியப் பெண்கள் நெதர்லாந்துப் பெண்களைவிட உயர்ந்த சுருதியில் பேசுவதை 1990களில் ஓர் ஆய்வு, சமூக எதிர்பார்ப்போடு தொடர்புபடுத்திக் காட்டியது. பிரிட்டனின் மார்கரெட் தாட்சர் குரல் பயிற்சி எடுத்துத் தன் சுருதியை இறக்கிக்கொண்டார்; தலைவராகக் கேட்க வேண்டும் என்பதற்காக. பிறவியிலேயே பெண்ணான ஒருவர் குரலை மாற்றிக்கொண்டால் அதைத் திறமை என்கிறோம். திருநங்கை மாற்றிக்கொண்டால் மட்டும் ஏன் அதைப் பாசாங்கு என்கிறோம்?

கனத்த பெண் குரல்களைக் கொண்டாடிய ஊர்தான் இது. கம்பீரக் குரல் கொண்ட கே.பி.சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனா’ரில் நந்தனாராகவே நடித்தார். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், குரல் தடிப்பாக இருக்கிறது என்று பள்ளிப் பாட்டு வகுப்பில் ஒதுக்கப்பட்டவர். 2024இல் பத்ம பூஷண் பெற்றார்.

ஆகவே, பழகுகிறவர்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் உங்கள் ஊரில், உங்கள் வயதில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். கோயம்புத்தூர்க்காரர் கொங்குப் பெண்போலப் பேசட்டும், நெல்லைக்காரர் நெல்லைப் பெண்போல. நாற்பது வயதில் இருபது வயதுக் குரலைத் துரத்த வேண்டியதில்லை.

கத்தி வைத்தால் சரியாகுமா?

சுருதியை உயர்த்தும் அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த மருத்துவர் நொபுஹிகோ இஷிகி 1970களில் குரல்வளைக் குருத்தெலும்பில் செய்யும் அறுவை சிகிச்சைகளை நான்கு வகையாகப் பிரித்தார். நான்காவது வகை, இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கிக் கட்டி நாண்களை இழுத்து வைப்பது. நாளடைவில் இழுவை தளர்ந்து சுருதி மறுபடி இறங்கிவிடக்கூடும். இப்போது அதிகம் செய்யப்படுவது ஜெர்மானிய மருத்துவர் வெண்ட்லரின் பெயரால் வழங்கும் முறை. வாய் வழியாகவே சென்று, நாண்களின் முன்பகுதியை ஒன்றாகத் தைத்துவிடுவார்கள். அதிரும் நீளம் குறைவதால் சுருதி ஏறும்.

இரண்டிலும் மாறுவது சுருதி மட்டுமே. தொண்டையின் நீளம், முழக்கம், பேசும் பாணி எதுவும் மாறாது. சத்தம் போட்டுப் பேசும் வலு குறையலாம், குரல் கரகரக்கலாம். வெட்டித் தைத்ததைப் பழையபடி ஆக்குவதும் எளிதல்ல. அறுவைக்குப் பிறகும் பயிற்சி வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொண்டை மேட்டைச் செதுக்கிச் சமப்படுத்தும் அறுவை சிகிச்சையைக் குரலுக்கானது என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அது தோற்றத்துக்கானது, குரலை மாற்றாது. தவறாகச் செய்தால் குரலையே கெடுத்துவிடும்.

செய்யலாம்... செய்யக் கூடாது!

* நிறையத் தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமுவதை நிறுத்துங்கள்.
* கிசுகிசுப்பது ஓய்வு ஆகாது. தொண்டை கட்டியிருந்தால் பேசாமல் இருங்கள்.
* வலித்தால் உடனே நிறுத்துங்கள். வலியோடு வரும் குரல் தவறான வழியில் வருகிறது.
* புகை, நாண்களைத் தடிக்க வைத்துச் சுருதியை இறக்கும். பெண் குரல் பழகுகிறவருக்கு சிகரெட் முதல் எதிரி.
* வாரம் ஒருமுறை ஒரே பத்தியைப் படித்துப் பதிவு செய்யுங்கள். தினமும் கேட்டு மனம் நோகாதீர்கள். மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள்.
* மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் ஈ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எல்லாத் திருநங்கைகளும் குரலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதல்ல இந்தக் கட்டுரையின் வாதம். இருக்கிற குரலோடு நிம்மதியாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். 2008இல் விஜய் டிவியில் ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியைத் திருநங்கை ரோஸ் நடத்தினார். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்கத் தொடங்கினார். குரலே தொழிலான இடத்தில் திருநங்கைகளைத் தமிழர்கள் கேட்டுப் பழகி ஆண்டுகள் ஆகின்றன. குரல் எப்படி இருந்தாலும் திருநங்கை பெண்தான். குரலுக்குத் தேர்வு வைத்து யாரும் யாருக்கும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

ஆனால், தன் குரலைத் தானே கேட்கக் கூசி, வாய் திறக்காமல் பஸ்ஸில் போகிறவர்களும் இருக்கிறார்கள். குரலால் தெரிந்துவிடும் என்று பயந்து வேலையை விடுகிறவர்களுக்கும், இரவில் ஆட்டோக்காரரிடம் பேசத் தயங்குகிறவர்களுக்கும் பயிற்சி என்பது அலங்காரம் அல்ல, பாதுகாப்பு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள லா ட்ரோப் பல்கலைக்கழக வல்லுநர்கள் உருவாக்கிய, திருநங்கைகளுக்கான குரல் வினாத்தாளில் 30 கேள்விகள் இருக்கின்றன. எல்லாமே, தன் குரலோடு அவர் எப்படி வாழ்கிறார் என்பதைப் பற்றியவை. கேட்கிறவர் போடும் மார்க்குக்கு அதில் இடம் இல்லை. நல்ல பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அரசு செய்யக்கூடியது

நாட்டுக்கு முன்னோடியாக 2008இல் நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு. பாலின உறுதி அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யப்படுகிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநங்கைகளுக்கான சிறப்புப் பிரிவுகள் உருவாக்கப்பட்டன. இவ்வளவு செய்த அரசுக்குக் குரல் பயிற்சி பெரிய வேலை இல்லை.

நாடாளுமன்றம் 2019இல் இயற்றிய மாறிய பாலினத்தவர் பாதுகாப்புச் சட்டம் அறுவை சிகிச்சையையும், ஹார்மோன் சிகிச்சையையும், காப்பீட்டில் லேசர் சிகிச்சையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. குரலைக் குறிப்பிடவில்லை. திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பான டபிள்யூபாத் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டு நெறிகளோ குரலுக்கும் தகவல் தொடர்புக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கின்றன.

ஆட்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். மைசூரில் 1960களிலேயே மத்திய அரசு தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பேச்சு, கேட்டல் துறையில் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. மாவட்டங்களில் குழந்தைகளுக்காக நடக்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியாளருக்கு இடம் உண்டு. மகரக்கட்டுக்குப் பிறகும் குரல் இறங்காத இளைஞர்களுக்குக் குரலை இறக்கிக் கொடுக்கும் சிகிச்சை நம் ஈ.என்.டி. மருத்துவர்களுக்குப் புதிதல்ல. இறக்கத் தெரிந்தவர்கள் ஏற்றவும் கற்றுக்கொள்ள முடியும்.

செய்ய வேண்டியது மூன்று. திருநங்கைகளுக்கான சிறப்புப் பிரிவு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் வாரத்தில் ஒரு நாள் பேச்சுப் பயிற்சியாளர் உட்கார வேண்டும். தொலைவில் இருப்பவர்களுக்கு வீடியோ அழைப்பில் பயிற்சி தர வேண்டும். கருவி எதுவும் தேவைப்படாத பயிற்சி என்பதால் இது எளிது. சமூக நலத் துறை, தமிழ்ச் சொற்களையும் வாக்கியங்களையும் வைத்து ஒரு பயிற்சிக் கையேடும் ஒலிப்பதிவும் தயாரித்து இலவசமாகக் கொடுக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர்களோடு இசை ஆசிரியர்களையும், நன்றாகப் பேசப் பழகிவிட்ட மூத்த திருநங்கைகளையும் உட்கார வைத்து அதை எழுத வேண்டும்.

அதுவரை, வாடிக்கையாளர் சேவை நடத்தும் நிறுவனங்கள் ஒன்றைச் செய்யலாம். ஆளை உறுதிப்படுத்த கடவுச்சொல் இருக்கிறது, ஓ.டி.பி. இருக்கிறது. குரலை அடையாள அட்டையாக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

பயிற்சி கொடுக்கப் புதிய கட்டடமோ விலை உயர்ந்த இயந்திரமோ புதிய சட்டமோ தேவையில்லை. ஒரு பயிற்சியாளர், ஓர் அறை, ஓர் அரசாணை போதும். சுகாதாரத் துறை அதை இந்த ஆண்டே பிறப்பிக்கலாம்.